எலும்பும் விசையும்: மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வை முன்வைத்து

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் கொண்டது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளும் மணற்றரை எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாக விரியும் நிலம் படுவான்கரை. இந்த இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக உடல்தான் முதன்மைக் கருவி. கரைவலை இழுத்தது, தோணி தள்ளியது, நெல்மூட்டை சுமந்தது, தென்னை ஏறியது எல்லாம் உடல்தான். கடந்த சில பத்தாண்டுகளில் இந்த உழைப்பின் முகம் மாறிவிட்டது. கதிர் அரிவாளின் இடத்தில் வெட்டு இயந்திரம் வந்தது. துடுப்பின் இடத்தில் வெளியிணைப்பு இயந்திரம் வந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டன. நடந்தும், 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியும் கடந்த தூரத்தை மோட்டார் சைக்கிள் சில நிமிடங்களில் கடக்கிறது.

இந்த மாற்றத்தை வருமானக் கணக்கிலும் வீதிக் கணக்கிலும் எழுதி வைத்திருக்கிறோம். மக்களின் எலும்புக்கூட்டிலும் அது பதிவாகிறது. எலும்பு தனக்குக் கிடைக்கும் விசைக்கு ஏற்பத் தன்னைக் கட்டியும் கரைத்தும் கொள்ளும் உயிருள்ள இழையம். விசை குறைந்தால் மெலிகிறது. படிப்படியாகக் கூடினால் தடிக்கிறது. திடீரென மிகுந்தால் முறிகிறது. ஆகவே எந்த விசை, எந்தத் திசையில், எவ்வளவு விரைவில், எத்தனை தடவை என்ற கேள்விகள் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. வாவிக்கரையில் உழைக்கும், நடக்கும், முதுமையடையும் ஒவ்வொருவருக்கும் அவை உரியவை.

பொருளின் இயல்பு

உடலின் நீண்ட எலும்புகளின் சுவராக அமைந்த அடர்ந்த எலும்பில், எடைப்படி ஏறத்தாழ 65 சதவீதம் கனிமம். அது பெரும்பாலும் ஐதரொட்சி அபற்றைற்று என்ற கல்சியம் பொசுபேற்றுப் பளிங்கு. ஏறத்தாழ 25 சதவீதம் சேதனப் பொருள். அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்ற நார்ப்புரதம். எஞ்சியது நீர். கனிமம் விறைப்பைத் தருகிறது. கொலாஜன் எளிதில் உடையாத தன்மையைத் தருகிறது. கோழி எலும்பொன்றைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்தால் கனிமம் கரைந்து, எலும்பு கையால் வளைக்கும்படி ஆகிவிடும். அதே எலும்பை நெருப்பிலிட்டுக் கொலாஜனை எரித்துவிட்டால் வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

கொலாஜனின் அமைப்பை வெளிப்படுத்திய பணி சென்னையில் நடந்தது என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த சுருள் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1955இல் அந்த மாதிரியைத் திருத்தினர். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாண் அவர்களின் எக்ஸ்ரே ஆய்வுக்குப் பயன்பட்டது. இழுக்கும் விசையை எலும்பு தாங்குவதில் இந்த முப்புரி நாருக்குப் பெரும் பங்கு உண்டு.

நீரின் பங்கும் சிறிதன்று. ஈரம் உள்ள எலும்பு முறியும் முன் சற்று வளைந்து கொடுக்கிறது. அதன் முறிவு விளிம்பு சாய்வாகவும் மழமழப்பாகவும் இருக்கும். நெடுங்காலம் மண்ணில் கிடந்து உலர்ந்த எலும்பு வளையாமல், கரடுமுரடான விளிம்போடு உடைகிறது. மண்ணிலிருந்து எடுக்கப்படும் எலும்பில் உள்ள முறிவு இறப்பை ஒட்டி நேர்ந்ததா, பிற்காலத்தில் நேர்ந்ததா என்று சட்ட மருத்துவர் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவுகிறது. போரில் காணாமற்போனவர்களைக் குடும்பங்கள் இன்றும் தேடும் கிழக்கு மாகாணத்தில், எலும்பின் பொறியியல் அறிவு நீதியோடும் தொடர்புடையது.

விசையின் திசை

ஒரு பொருளின் ஓரலகுப் பரப்பில் விழும் விசை தகைப்பு. அதனால் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தின் விகிதம் விகாரம். மனிதத் தொடை எலும்பின் அடர்ந்த பகுதி குறித்து 1975இல் ரெய்லி, பர்ஸ்டைன் ஆகியோர் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. நீளவாக்கில் நெருக்கினால் எலும்பு ஏறத்தாழ 193 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது, இழுத்தால் 133, வெட்டுவிசைக்கு 68 மட்டுமே. குறுக்குவாக்கில் இழுத்தால் 51 மெகாபாஸ்கலிலேயே பிளந்துவிடுகிறது. உருக்கோடு ஒப்பிட்டால் எலும்பின் விறைப்பு பத்தில் ஒரு பங்கு, அடர்த்தியோ நான்கில் ஒரு பங்கு.

இந்த எண்கள் அன்றாட விபத்துகளின் வடிவத்தை விளக்குகின்றன. 28 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 14 மில்லிமீற்றர் உள்விட்டமும் கொண்ட தொடை எலும்பொன்றை நேர்க்கோட்டில் நெருக்கி நசுக்க, கணக்குப்படி ஒன்பது தொன்னுக்குக் கிட்டிய சுமை வேண்டும். ஆகவே 60 கிலோ நெல்மூட்டையைத் தலையில் வைத்து நிமிர்ந்து நிற்பவரின் தொடை எலும்பு அந்தச் சுமையால் முறிவதில்லை. மூட்டையோடு வரப்பில் சறுக்கும்போது நிலைமை வேறு. எலும்பு வளைகிறது; வளைவின் உட்பக்கம் நெருங்க, வெளிப்பக்கம் இழுபடுகிறது. இழுவைக்கு எலும்பு பலவீனமானதால் முறிவு வெளிப்பக்கத்தில் தொடங்கிக் குறுக்கே ஓடுகிறது.

வயற்சேற்றில் பாதம் புதைந்திருக்க உடல் மட்டும் திரும்பினால் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறுக்கப்பட்டு, முறிவு திருகுபோல் சுற்றிச் செல்கிறது. வழுக்கி விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு ஒடிகிறது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் கொலிஸ் 1814இல் விவரித்த முறிவு இது. மாமரத்திலிருந்து விழும் சிறுவனின் எலும்பில் கனிமம் குறைவு என்பதால் அது பச்சைக் கொப்புபோல் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும். பத்து மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழுபவர் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். குதிகால் தரையில் பட்டால் குதிகால் எலும்பும் கீழ்முதுகு முள்ளந்தண்டும் சேர்ந்தே நொறுங்கக்கூடும். ஆகவே மரத்திலிருந்து விழுந்தவருக்குக் காலில் மட்டும் வலி என்றாலும் முதுகையும் சோதிக்க வேண்டும்.

விசை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் முக்கியம். விரைவான விசைக்கு எலும்பு கூடுதல் விறைப்புக் காட்டுகிறது, கூடுதல் சக்தியை உள்வாங்குகிறது. ஆனால் முறியும் கணத்தில் அத்தனை சக்தியும் ஒன்றாக வெளிப்பட்டு எலும்பைத் துண்டு துண்டாக்கி, சூழ்ந்த தசையையும் குருதிக்குழாயையும் கிழிக்கிறது. வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றரில் விழுந்தவருக்கும் கல்முனை வீதியில் 60 கிலோமீற்றரில் விழுந்தவருக்கும் உள்ள வேறுபாடு அதுவே. முழங்காலுக்குக் கீழே எலும்பின் முன்புறத்தில் தோல் மட்டுமே மூடியிருப்பதால், மோட்டார் சைக்கிள் விபத்தில் அது தோலைக் கிழித்து வெளிவருவது அதிகம். திறந்த முறிவு எனப்படும் அந்நிலையில் கிருமித் தொற்றைத் தடுக்கும் சிகிச்சை தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

குழாயும் வலைப்பின்னலும்

நீண்ட எலும்பு உள்ளே வெற்றான குழாய். மேலே சொன்ன அளவுள்ள குழாயின் பொருள் முழுவதையும் ஒரு திண்மக் கோலாக்கினால் அதன் விட்டம் 24 மில்லிமீற்றர் அளவே வரும். அந்தக் கோலைவிடக் குழாய் வளைவை எதிர்ப்பதில் ஏறத்தாழ 65 சதவீதமும், வளைந்து முறியாமல் தாங்குவதில் ஏறத்தாழ 45 சதவீதமும் கூடுதல் வலுவுள்ளது. அதே பொருளை மையத்திலிருந்து தள்ளி வைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இது. உள்ளீடற்ற எலும்பின் இந்தச் சிறப்பைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலிலேயே ஆராய்ந்திருக்கிறார்.

எலும்பின் முனைகளில் வேறு வகைக் கட்டமைப்பு இருக்கிறது. தொடை எலும்பின் தலையை நெடுக்கே வெட்டினால் மெல்லிய எலும்புச் சலாகைகளின் வலைப்பின்னல் தெரியும். 1860களில் சூரிச் நகரில் உடற்கூற்றியலாளர் ஹெர்மன் வொன் மேயர் இந்தச் சலாகைகளைக் காட்டியபோது, பொறியியலாளர் கார்ல் குல்மான் அவற்றில் தமக்குப் பழகிய ஒன்றைக் கண்டார். சுமை தாங்கும் வளைந்த பாரந்தூக்கியில் நெருக்கலும் இழுவையும் ஓடும் கோடுகள் அவை. சுமை ஓடும் வழியில் பொருளை வைப்பது என்ற அதே நெறிதான் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும் இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாலத்தின் சட்டங்கள் ஒரு முறை கணக்கிட்டு வைக்கப்பட்டவை. உப்புக்காற்றில் துருப்பிடித்தால் மனிதர் வந்துதான் செப்பனிட வேண்டும். எலும்போ சுமையின் ஓட்டம் மாறினால் சட்டத்தையும் மாற்றிக்கொள்கிறது. யூலியஸ் வூல்ப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். அவருடைய கணித விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. எலும்பு தன் பயன்பாட்டுக்கு ஏற்ப வடிவம் கொள்கிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

எலும்பு எப்படி உணர்கிறது?

வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. இன்னொரு வகை அந்தக் குழியில் புதிய எலும்பை நிரப்புகின்றன. எங்கே கரைப்பது, எங்கே கட்டுவது என்பதை வழிநடத்துபவை எலும்புக்குள்ளேயே புதைந்து வாழும் என்புக்கலங்கள். எலும்பிலுள்ள கலங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அவையே. எலும்பு சற்று வளையும்போது நுண்கால்வாய்களில் உள்ள பாய்மம் நகர்கிறது. அந்த ஓட்டத்தை இக்கலங்கள் உணர்கின்றன. அசைவு இருந்தால், எலும்பு கட்டப்படுவதைத் தடுக்கும் ஸ்க்லெரொஸ்டின் என்ற புரதத்தை அவை குறைக்கின்றன. அசைவு இல்லாவிட்டால் அப்புரதம் கூடுகிறது.

எத்தனை அசைவு போதும் என்ற கேள்விக்கு 1984இல் ரூபின், லான்யன் ஆகியோர் பறவைகளின் சிறகெலும்பில் செய்த சோதனை வியப்பான விடை தந்தது. விசையே இல்லாமல் விடப்பட்ட எலும்பு மெலிந்தது. நாளுக்கு நான்கு தடவை சுமை ஏற்றி இறக்கியதே அந்த மெலிவைத் தடுக்கப் போதுமாயிற்று. 36 தடவை ஏற்றியபோது எலும்பு தடித்தது. 1,800 தடவை ஏற்றியும் அதற்குமேல் பயன் கூடவில்லை. அசையாத சுமையை எலும்பு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதும் அதே வழி ஆய்வுகளின் முடிவு. விசை ஏறி இறங்க வேண்டும், சற்று விரைவாக மாற வேண்டும், இடையிடையே ஓய்வு வேண்டும்.

மனிதரில் இதற்குச் சிறந்த சான்று டென்னிஸ் வீரர்கள். 1977இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் வீரர்களின் ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறுகையைவிட ஏறத்தாழ 35 சதவீதம் தடித்திருந்தது. ஒரே உடல், ஒரே உணவு, ஒரே மரபு; வேறுபட்டது விசை மட்டும். சிறு வயது முதல் துடுப்பு வலித்தும் வலை வீசியும் வளர்ந்த வாவி மீனவரின் கைகளிலும் அதே விதிதான் வேலை செய்கிறது. எதிர்த் திசையில், ஈர்ப்பு விசையின் சுமையின்றி விண்ணில் வாழும் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கின்றனர். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் எலும்பை இழக்கிறார்.

பாதயாத்திரையில் ஒரு பாடம்

ஆண்டுதோறும் கதிர்காமக் கொடியேற்றத்தை நோக்கி, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடியார்கள் மட்டக்களப்பு வழியே நடந்து செல்கின்றனர். மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கோவில்களைத் தொட்டுக் குமண, யால காடுகளைக் கடக்கும் வழி அது. இந்த நடையைத் தளர்வு முறிவின், அதாவது சிறு சுமை திரும்பத் திரும்ப விழுவதால் நேரும் முறிவின், கண்ணோட்டத்திலும் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,400 அடிகள் என்றால், நாளுக்கு 20 கிலோமீற்றர் நடப்பவரின் ஒவ்வொரு பாதமும் 14,000 தடவை சுமை ஏற்று இறக்குகிறது. எந்த ஓர் அடியும் எலும்பை முறிக்கும் அளவுக்கு வலியதன்று. ஆனால் ஒவ்வொன்றும் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். அவற்றைச் செப்பனிட எலும்பு முதலில் பழுதான பகுதியைக் கரைக்கிறது. இதற்குச் சில வாரங்கள் போதும். அந்தக் குழியைப் புதிய எலும்பால் நிரப்பவோ மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். கரைத்தாகிவிட்டது, நிரப்பவில்லை என்ற அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. பயிற்சியின்றித் திடீரென நீண்ட தூரம் நடப்பவரின் பாதவிரல் அடியெலும்பு இந்த நேரத்தில்தான் வெடிக்கிறது. பிரஷ்யப் படைமருத்துவர் பிரைத்தௌப்ற் 1855இல் அணிநடைச் சிப்பாய்களிடம் கண்டு எழுதிய வீக்கமும் வலியும் இதுவே.

ஆகவே யாத்திரைக்குப் போக எண்ணுபவர், குறிப்பாக அலுவலக மேசையில் ஆண்டைக் கழித்தவர், மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்கித் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. பாதத்தில் ஒரே புள்ளியில் வலி தோன்றி, நடக்க நடக்கக் கூடினால் ஓய்வெடுக்க வேண்டும். நேர்த்தியை நிறைவேற்றுவதற்கும் எலும்பு வேண்டும்.

முறிவை ஆற்றும் இரு மரபுகள்

வாவியின் இரு கரைகளிலும் முறிவு நெரிவு வைத்தியம் ஆழ வேரூன்றியது. எண்ணெயும் பற்றும் மூங்கில் மட்டையும் துணிக்கட்டும் அதன் கருவிகள். 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பாரம்பரிய வைத்தியர்கள் பதிவு பெறவும் வழி உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், குறையற்ற அறிவு என்று போற்றுவதும் இரண்டுமே நோயாளிக்கு உதவா. இயக்கவியலின் துணையோடு அதை எடைபோடுவதே முறை.

முறிவின் இடைவெளியில் எந்த இழையம் வளரும் என்பதை அங்குள்ள விகாரம் தீர்மானிக்கிறது என்று சுவிற்சர்லாந்தின் ஸ்டெபான் பெரன் விளக்கினார். எலும்பு ஏறத்தாழ 2 சதவீத விகாரத்துக்கு மேல் தாங்காது. கசியிழையம் 10 சதவீதம் வரை தாங்கும். தொடக்கத்தில் வளரும் மெல்லிய இழையம் 100 சதவீதம் வரை நீளும். முதலில் மெல்லிழையம் இடைவெளியை நிரப்பி அசைவைக் குறைக்கிறது. அதனால் கசியிழையம் வளர முடிகிறது. அது மேலும் அசைவைக் குறைக்க, எலும்பு வளர்கிறது. அசைவு மிகுந்தால் இந்தப் படிநிலை அறுந்து முறிவு சேராமலே போகும். சிறிதளவு கட்டுப்பட்ட அசைவு ஆறுதலை விரைவுபடுத்துகிறது என்று 1985இல் குட்ஷிப், கென்ரைட் ஆகியோர் செம்மறியாடுகளில் காட்டினர். உருக்குத் தகடு சுமை முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டால் அதன் கீழுள்ள எலும்பு மெலிவதும் இதே விதியால்தான்.

இந்த ஒளியில் பார்த்தால், நல்ல முறிவு நெரிவு வைத்தியர் கட்டும் மட்டைக்கட்டு பொருளற்றதன்று. சுற்றியுள்ள தசையை இறுக்கிப் பிடித்து, மூட்டுகளை ஓரளவு அசையவிட்டு, சிறிய அசைவை அனுமதிப்பது அதன் இயல்பு. 1967இல் அமெரிக்காவில் ஓகஸ்டோ சார்மியெந்தோ முன்வைத்த இயங்குகட்டும் கீழ்க்கால் முறிவில் ஏறத்தாழ அதே தத்துவத்தையே பின்பற்றியது. பிரித்தானிய எலும்பு மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹியூ ஓவன் தோமஸ், வேல்ஸ் நாட்டின் எலும்பு கட்டும் பரம்பரையில் பிறந்தவர். அவர் உருவாக்கிய தொடைக்கட்டு முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த படைவீரரிடையே இறப்பைப் பெருமளவு குறைத்தது. முறிந்த முனைகள் அசைந்தால் குருதி இழப்பும் இழையக் காயமும் கூடும். மண்டூரிலிருந்து 'பாதை' ஏறி வாவி கடக்கும் நோயாளிக்கும், கால் அசையாமல் கட்டிய பிறகே பயணம் தொடங்க வேண்டும்.

ஆனால் மட்டைக்கட்டுக்கு எல்லைகள் உண்டு. கட்டு மிக இறுகினால் தசையறைக்குள் அழுத்தம் ஏறிக் குருதியோட்டம் நின்றுவிடும். அதனால் தசை இறந்து கை சுருங்கிப்போவதை வொல்க்மான் 1881இல் விவரித்தார். கட்டிய பிறகு வலி குறையாமல் கூடுதல், விரல் மரத்தல், விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டை உடனே அவிழ்த்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ விரைய வேண்டும். திறந்த முறிவு, மூட்டுக்குள் ஓடும் முறிவு, முதியவரின் தொடைக்கழுத்து முறிவு, முதுகெலும்பு முறிவு ஆகியவை எக்ஸ்ரேயும் சத்திரசிகிச்சை நிபுணரும் தேவைப்படுபவை. அவற்றில் எண்ணெய் தடவித் திருகுவது தீங்கு.

முதுமையும் பெண்ணும்

மாதவிடாய் நின்ற பின் முதல் சில ஆண்டுகளில் பெண்களின் எலும்பு விரைந்து கரைகிறது. முதலில் மெலிவது முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் உள்ள எலும்புச் சலாகைகளின் வலைப்பின்னல். அதன் வலு அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று கார்ட்டர், ஹேய்ஸ் 1977இல் காட்டினர். அதாவது அடர்த்தி 30 சதவீதம் குறைந்தால் வலு பாதியாகிவிடுகிறது. இழப்பு வெளியே தெரிவதில்லை. வாளியைத் தூக்கும்போதோ முற்றத்தில் வழுக்கும்போதோதான் வெளிப்படுகிறது.

பெர்லினில் ஜியோர்க் பேர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள் அளவுமானி வைத்து அளந்தபோது, சாதாரண நடையில் மூட்டின் மேல் உடல் எடையின் இரண்டரை மடங்குக்குக் கிட்டிய விசை விழுவது தெரிந்தது. கால் இடறும் கணத்தில் அது ஏழு மடங்கைத் தாண்டியது. நடக்கும்போது உடலைச் சமநிலையில் வைத்திருக்க இடுப்புத் தசைகள் கடுமையாக இழுப்பதால் இந்த உயர்வு. இதிலிருந்து ஓர் எளிய பயன் கிடைக்கிறது. இடுப்பு வலிக்கும் முதியவர் ஊன்றுகோலை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அப்போது தசையின் இழுப்புக் குறைந்து மூட்டின் சுமையும் குறைகிறது.

விழாமல் காப்பது மருந்துக்கு இணையான சிகிச்சை. கிணற்றடியில் பாசி படியாமல் பார்ப்பது, வாசற்படியில் வெளிச்சம் வைப்பது, கண்பார்வையைச் சோதிப்பது இவற்றுக்குச் செலவு குறைவு. மீனும் பாலும் கீரையும் கல்சியமும் புரதமும் தர உதவும். வெயில் விற்றமின் டி தர உதவும். ஆனால் இவை கட்டடப் பொருள்கள் மட்டுமே. எங்கே கட்ட வேண்டும் என்ற கட்டளையைத் தருவது விசை.

இனிச் செய்ய வேண்டியது

வெட்டு இயந்திரமும் பாலமும் வந்தது நல்லது. முதுகு ஒடிய நாற்று நட்ட, மூட்டை சுமந்த தலைமுறையின் வலியைத் திரும்பக் கேட்பவர் எவரும் அந்த வலியை அறியாதவரே. ஆயினும் அந்த உழைப்போடு எலும்புக்குக் கேளாமலே கிடைத்துவந்த விசையும் போய்விட்டது. அதன் இடத்தை இனி அறிந்து நிரப்ப வேண்டும். பாடசாலைகளில் பிள்ளைகள் ஓடவும் தாவவும் நேரமும் திடலும் கொடுப்பது அதன் தொடக்கம். எலும்பு வளரும் வயதில் சேர்த்த வலுதான் பெரும்பாலும் முதுமை வரை செல்லும் முதல். மாதர் சங்கங்களும் கோவில், பள்ளிவாசல் நிருவாகங்களும் முதியோருக்கு நாள்தோறும் நடையும் கால் வலுப்பெறும் பயிற்சியும் ஒழுங்கு செய்யலாம். முறிவு நெரிவு வைத்தியரும் வைத்தியசாலையும் ஒருவரையொருவர் குறை கூறுவதை விட்டு, எந்த முறிவை யார் பார்ப்பது, எந்த அறிகுறி கண்டதும் அனுப்புவது என்ற ஒரு பக்கக் குறிப்பை இணைந்து வகுக்கலாம். வண்டி ஓட்டும் இளைஞருக்கு வேகத்தின் வர்க்கக் கணக்கைப் பாடசாலையிலேயே, முறிந்த எலும்பின் எக்ஸ்ரே படத்தோடு சொல்லிக்கொடுக்கலாம். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. அளவான விசையைத் தேடிக் கொடுப்பதும் அளவு மீறிய விசையைத் தடுப்பதும்தான் இந்த ஏற்பாடுகள் அனைத்தின் வேலை, அந்த அளவை அறிவதற்கான அறிவு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது.